தலைவரும் தலை நரைத்தவர்களும்

ஒரு டாக்குமெண்டரிப் படத்தை அது வெளிவந்து பத்து வருஷம் கழித்துப் பார்ப்பதில் ஒரு லாபம் உண்டு. அதைப் பற்றி மற்றவர்கள் சொன்ன அபிப்பிராயமெல்லாம் மறந்து போயிருக்கும். படத்தில் வருகிறவர்களுக்கும் பார்க்கிறவனுக்கும் பத்து வயது கூடியிருக்கும். ரிங்கு கல்ஸி என்ற பெண்மணி எடுத்த 'ஃபார் தி லவ் ஆஃப் எ மேன்' என்ற படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். 2015-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம். ரஜினிகாந்தின் ரசிகர்களைப் பற்றியது. 'ஒரு மனிதர் மேல் வைத்த அன்புக்காக' என்று தலைப்பைத் தமிழில் சொல்லிக் கொள்ளலாம்.

தனியாகப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் தன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்ட, என்னோடு உட்கார்ந்து பார்த்தவர் திருவொற்றியூர்க்காரர்; அறுபது வயது. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் அப்ரண்டிஸாக நுழைந்து அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவர். 'முரட்டுக்காளை' 1980-ல் வந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, பதினேழாவது வயதில், மன்றத்தில் சேர்ந்தாராம். கட்டுரையில் தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டார். ஒரு காலத்தில் தண்டையார்பேட்டைச் சுவரெல்லாம் தம் பெயரை ஒட்டியவர் அப்படிக் கேட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

படத்தைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ரசிகர்களைக் கேலி செய்து எடுத்த படம் அல்ல இது. நம்முடைய ஆங்கிலப் பத்திரிகைகள் பாலாபிஷேகப் படத்தைப் போட்டுக் கீழே இரண்டு வரி நக்கலாக எழுதிப் பழகியவை. அந்தப் புத்தி இந்தப் படத்தில் இல்லை. அடிதடியில் இருந்து மீண்டு ரஜினி படங்களாலேயே திருந்தினேன் என்கிற ஒருவர், தலைவரைப் போல் வேஷமிட்டு மேடையேறி ஊரில் தாமே ஒரு சின்ன நட்சத்திரமாகிவிட்ட இன்னொருவர், அபிமானத்துக்காகக் குடும்பத்தின் சேமிப்பையே பணயம் வைத்த சோளிங்கர்க்காரர் என்று சில மனிதர்களை எடுத்துக் கொண்டு அவர்கள் கூடவே நடக்கிறது காமிரா. எல்லோரும் நல்ல மனிதர்கள். எல்லோரும் நன்றாகப் பேசுகிறார்கள். அப்படியிருந்தும் பாதிப் படத்திலேயே எனக்கு அலுப்புத் தட்டிவிட்டது. ஏன் என்று யோசித்துக் கொண்டிருந்தபோது திருவொற்றியூர்க்காரர் வாயைத் திறந்தார்.

"இன்னா சார் இது? தெனம் பால் ஊத்திக்கினே இருந்தா மாதிரி காட்டுறாங்க. ரெண்டு வருசத்துக்கு ஒரு தபா படம் வரும், அன்னிக்கு ஊத்துவோம். மீதி நாள்லாம் இன்னா பண்ணோம்னு யாரும் கேக்கவே இல்லியே!"

எனக்குத் தட்டிய அலுப்பின் காரணம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. திருவிழாவைப் பார்த்து ஊரைப் புரிந்துகொண்டேன் என்று சொல்கிறவனைப் போன்றது இந்தப் படம். மரியாதையாகப் பார்க்கிறது, ஆனால் மரியாதை என்பதே சில சமயம் கேள்வி கேட்காமலிருக்கும் சோம்பேறித்தனமாகிவிடுகிறது. 'உங்களுக்குத் தலைவர் மேல் எவ்வளவு அன்பு?' என்பதையே நான்கு விதமாகக் கேட்டால் நான்கு விதமாக ஒரே பதில்தான் வரும். 'நிறைய' என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கப் போகிறது?

மீதி நாட்களில் என்ன செய்தார்கள் என்று நான் கேட்டேன். அவர் சொன்னதை வைத்துக் கொண்டு இன்னொரு படமே எடுக்கலாம்.

மன்றம் என்பது தெருக்கோடியில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு கேரம் போர்டு, ஒரு பெஞ்சு, 'தினத்தந்தி'. வெளியே பதிவு எண் எழுதிய பலகை. ஷிப்டு முடித்து வருகிறவன், ஷிப்டுக்குப் போகப் போகிறவன், வேலையே கிடைக்காதவன் எல்லோரும் கூடுகிற இடம். பத்துக்குப் பத்து வீட்டில் அப்பா அம்மா, கல்யாணமான அண்ணன், கல்யாணமாகாத தங்கை எல்லோரும் இருக்கும்போது பத்தொன்பது வயதுப் பையன் எங்கே போய் உட்காருவான்? காப்பி ஹோட்டலில் காசு கேட்பார்கள். சங்கத்துக்குப் போனால் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுக் கொண்டு நிற்க வேண்டும். கட்சிக் கிளையிலும் அதே கதைதான். மன்றத்தில் அவனே தலைவன், அவனே செயலாளன், அவனே பொருளாளன். பள்ளிக்கூடம் திறந்தால் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ரத்தம் கேட்டு ஆள் வந்தால் சைக்கிளில் நாலு பேர் போவார்கள். தெருவில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் கட்டுவதிலிருந்து பூ வாங்குவது வரை மன்றத்துப் பையன்கள் கை வைக்காத காரியம் கிடையாது. தகப்பன்மார்கள், 'உருப்படாத பசங்க' என்று திட்டிக் கொண்டே அவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ஸாரா டிக்கி என்ற அமெரிக்கப் பெண்மணி 1980-களில் மதுரையில் தங்கி இந்த மன்றங்களைப் பற்றி ஆராய்ந்து, 1993-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அவருக்கு இந்தச் சங்கதி தெரிந்திருந்தது. கொட்டகையில் விசில் அடிப்பதைவிடச் சமூக சேவை என்று தாங்கள் செய்ததை அந்த இளைஞர்கள் எவ்வளவு பெருமையாகக் கருதினார்கள் என்பதை அவர் எழுதியிருக்கிறார். புத்தகம் வந்து இருபத்திரண்டு வருஷம் கழித்து எடுத்த படம் திரும்பவும் பால் குடத்திலிருந்து ஆரம்பிப்பானேன்?

போஸ்டர் விவகாரத்தைக் கேட்டால் அதுவே ஒரு நாவல். தலைவர் படம் நடுவில் ஆளுயரத்துக்கு; கீழே வரிசையாகத் தபால்தலை மாதிரி மன்றத்துக்காரர்களின் முகங்கள். இந்தத் தபால்தலையில் யார் முதலில், யார் கடைசியில், யாருக்குக் கூலிங் கிளாஸ், யார் போட்டோவில் பாதி காது வெட்டுப்பட்டுவிட்டது என்பதற்காக மன்றங்கள் இரண்டாக உடைந்திருக்கின்றனவாம். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கமோ காசிமேட்டிலோ பிறந்த ஒரு பையனின் முகம், அவன் தாத்தா அப்பா யாருடைய முகமும் ஒட்டப்படாத சுவரில், பெயரோடு, இனிஷியலோடு ஒட்டப்படுகிறது. அவன் அம்மா மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அதைப் பார்க்கிறாள். தலைவருக்காக ஒட்டிய போஸ்டர் என்று ஊர் நினைக்கிறது. ஒட்டியவனுக்குத் தெரியும், அது யாருக்காக என்று. படத்தின் தலைப்பில் உள்ள 'மனிதர்' ஒருவர்தான் என்று எடுத்துக் கொண்டதுதான் டைரக்டர் செய்த முதல் தவறு. அந்த அன்பில் பாதிக்கு மேல் கீழ்வரிசைத் தபால்தலைகள் தங்களுக்குள் ஒருவர் மேல் ஒருவர் வைத்துக் கொண்ட அன்பு.

இரண்டாவது குறை இன்னும் பெரியது. படத்தில் வருகிறவர்கள் இளைஞர்கள் அல்ல. இளைஞர்களாக இருந்தபோது ஆரம்பித்த ஒன்றை நடு வயதிலும் விடாதவர்கள். இது கண்ணுக்குத் தெரிகிறது, காமிராவிலும் பதிவாகியிருக்கிறது. ஆனால் படம் அதைக் கவனிக்கவில்லை. பக்தி என்றும் மாறாதது என்று காட்டுவதிலேயே அதற்கு ஆசை. பக்தி மாறாமல் இருக்கலாம். முட்டி வலிக்க ஆரம்பித்துவிடுகிறதே!

இந்த ரசிகர்களின் கதை முழுக்கவும் காத்திருந்த கதை. 1996 தேர்தலில் அவர் தி.மு.க. - த.மா.கா. கூட்டணிக்கு ஆதரவாகப் பேசினார், கூட்டணி ஜெயித்தது. தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் ஆட்சி மாறும் என்று அன்றைக்குத் தொற்றிய நம்பிக்கை அப்புறம் இறங்கவே இல்லை. அதற்கு முன்னால் நடந்ததும் அவர்களுக்கு நினைவிருந்தது. 1972-ல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபோது அவருடைய மன்றங்கள் ஒரே இரவில் கட்சிக் கிளைகளாக மாறியதையும், வாத்தியாரின் போஸ்டரை ஒட்டிய அண்ணன்மார் வட்டச் செயலாளராகி வெள்ளை வேட்டியில் திரிந்ததையும் தம்பிமார் கண்ணால் பார்த்தவர்கள். நமக்கும் ஒரு நாள் வரும் என்று நினைத்ததில் என்ன பிசகு? 2004-ல் பா.ம.க. நின்ற ஆறு தொகுதிகளில் அதை எதிர்த்து வேலை செய்யும்படி தலைவரிடமிருந்து உத்தரவு வந்தது. செய்தார்கள். ஆறிலும் பா.ம.க.வே ஜெயித்தது. ஒரு வார்த்தைக்கு ஆட்சி மாறாது என்று தெரிந்து கொள்ள அதுவே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

படம் எடுத்தது இதற்கெல்லாம் பிறகுதான். 2017 டிசம்பர் 31-ம் தேதி அரசியலுக்கு வருவது உறுதி என்று அவர் அறிவிக்கப் போவதும், 2020 டிசம்பர் 29-ம் தேதி உடல்நிலையைக் காரணம் காட்டி விலகிக் கொள்ளப் போவதும் டைரக்டருக்குத் தெரிந்திருக்க முடியாது என்பது வாஸ்தவம். ஜோசியம் பார்க்கவில்லையே என்று நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் 2015-லேயே 'பத்தொன்பது வருஷமாகக் காத்திருக்கிறீர்களே, எதற்காக?' என்று ஒருவரிடம் கேட்டு, அவர் பதில் சொல்லத் தடுமாறும் வரை காமிராவை நிறுத்தாமல் ஓட விட்டிருக்கலாம் அல்லவா? அந்தத் தடுமாற்றத்தில் இருந்திருக்கும் படம். சோளிங்கர்க்காரர் பணத்தைப் பணயம் வைத்த கதை வந்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வட்டி எவ்வளவு, அடைத்தது யார், அந்த வீட்டில் அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை எப்படி இருந்தது என்று என் நாவலாசிரிய மூளை கணக்குப் போட ஆரம்பித்தது. அபிமானத்தின் அளவுக்கு ஓர் உதாரணமாக அதைக் காட்டியதோடு படத்துக்குத் திருப்தி வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

காலத்தை எப்படிப் படம் பிடிப்பது என்று தெரியாத ஊரில்லை இந்த உலகம். இங்கிலாந்தில் 1964-ல் ஏழு வயதுக் குழந்தைகள் பதினாலு பேரைக் கொண்டு ஒரு டெலிவிஷன் படம் எடுத்தார்கள். மைக்கேல் ஆப்டெட் என்பவர் ஏழு வருஷத்துக்கு ஒரு முறை அவர்களிடமே திரும்பிப் போய் எடுத்துக் கொண்டே வந்தார். கடைசியாக 2019-ல் எடுத்தபோது அவர்களுக்கு அறுபத்து மூன்று. அவர்கள் ஒன்றும் அதிசய மனிதர்கள் அல்ல. பல் விழுகிறது, கல்யாணம் முறிகிறது, வேலை போகிறது. சிலர் 'இனிமேல் வரமாட்டேன்' என்று காமிராவுக்கு முகத்தைக் காட்ட மறுக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனாலும் பார்க்கிறவனுக்குத் தொண்டையை அடைக்கிறது. நம்முடைய மன்றத்துப் பையன்களுக்கு அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லை. ஒரு பதிவேட்டில் நாற்பது பேர் பெயரும் விலாசமும் வரிசையாக இருந்தன. தேடிப் போக அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

வெளிநாட்டு உதாரணம் எதற்கு, இதே வட சென்னையில் கிடைக்கிறது என்று சொல்லலாம். பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' 2021-ல் வந்தது. அது டாக்குமெண்டரி அல்ல, கற்பனைக் கதை. கொஞ்சம் நீளமும் கூட. இரண்டாம் பாதியில் நான் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதை மறைப்பானேன்? இருந்தாலும் ஒரு குத்துச்சண்டைக்காரன் மேடையிலிருந்து இறங்கிய பிறகு என்ன ஆகிறான் என்ற கேள்வியை அது விடவில்லை. மகன் கையில் கிளவுஸைக் கண்டாலே பயப்படுகிற தாய், குடித்துக் கெட்டுத் தொந்தி விழுந்த கணவனிடம் சண்டை போடுகிற மனைவி, 1976-ல் ஆட்சியைக் கலைத்த செய்தி சண்டை நடுவே வந்து விழுகிற விதம், கடற்கரையில் யாரும் நினைத்துப் பார்க்காத பழைய வீரர் ஒருவர் - இத்தனையும் கதாசிரியர்கள் இட்டுக் கட்டியவை. ஆனால் ராயபுரத்துக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு 'இது எங்க பெரியப்பா கதை' என்று சொன்னதை நான் காதால் கேட்டேன். நிஜ மனிதர்களை வைத்து எடுத்த படத்தைப் பார்த்துத் திருவொற்றியூர்க்காரர், 'இது வேற யாரோ' என்றார். எந்தப் படம் டாக்குமெண்டரி என்று வாசகர்களே தீர்மானித்துக் கொள்ளட்டும்.

இன்னொன்றும் அவர் சொன்னார். அதை எப்படி எழுதுவது என்று எனக்குச் சற்றுத் தயக்கமாகவே இருக்கிறது. 1996 என்றதும் அவருக்கு முதலில் ஞாபகம் வந்தது தேர்தல் அல்ல, பெரம்பூர் மில். பக்கிங்காம் கர்நாட்டிக் மில் மூடப்பட்டது அந்த வருஷம்தான். மன்றத்தில் பாதிப் பையன்களின் அப்பாவோ மாமாவோ அங்கே வேலை பார்த்தவர்கள். "அந்த வருசம் நாங்க தலைவர் ஜெயிச்சிட்டார்னு பட்டாசு வெடிச்சோம் சார். அதே தெருவுல மில்லு கூட்டாளிங்க ஊட்ல அடுப்பு எரியல. நாங்கதான் அரிசி வாங்கிக் குடுத்தோம். பட்டாசுக்கு வசூல் பண்ண அதே நோட்டுதான், அதே கையெழுத்துதான்."

பட்டாசுக்கும் அரிசிக்கும் ஒரே வசூல் நோட்டு! எந்த டைரக்டராவது அந்த நோட்டைக் கண்டுபிடித்து ஒரு நிமிஷம் காட்டியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். மில் போயிற்று. எண்ணூரில் 1970-ல் ஆரம்பித்த அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டது. மன்றத்துப் பையன்கள் முதல் காட்சிக்கு வரிசையில் நின்ற தண்டையார்பேட்டை அகஸ்தியா கொட்டகை 1967-ல் திறந்து 2020-ல் மூடப்பட்டது. அவர் அப்ரண்டிஸாகச் சேர்ந்து நிரந்தரமான தொழிற்சாலை வாசலில் அவருடைய மகன் காண்ட்ராக்ட் ஆளாக நின்று கொண்டிருக்கிறான். அவனுக்கும் ரஜினி பிடிக்கும். ஆனால் அவன் எந்த மன்றத்திலும் இல்லை. 'மன்றமா? அதுக்கு ஏதுப்பா நேரம்?' என்கிறானாம்.

2021 ஜனவரி 10-ம் தேதி வள்ளுவர் கோட்டத்தில் ரசிகர்கள் கூடி, முடிவை மாற்றிக் கொள்ளும்படி தலைவரைக் கேட்டார்கள். இவரும் போயிருந்தார். என்ன நினைத்துப் போனீர்கள் என்று கேட்டேன். "மாத்திக்க மாட்டார்னு தெரியும் சார். பசங்களை எல்லாம் பாக்கலாமேன்னு போனேன்" என்றார். 'பசங்கள்' எல்லோருக்கும் ஐம்பதுக்கு மேல் வயது. கொரோனாக் காலமாதலால் முகமூடி வேறு. நெற்றியையும் நரையையும் வைத்து ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு கொண்டார்களாம். அந்த வருஷம் ஜூலை மாதம் மக்கள் மன்றத்தைக் கலைத்து, மறுபடியும் ரசிகர் மன்றமாகவே இயங்கலாம் என்று அறிவிப்பு வந்தது. மறுபடியும் ரசிகர் மன்றம்! அறுபதை எட்டிக் கொண்டிருந்தவர்களைப் பார்த்து, நீங்கள் திரும்பவும் பதினேழு வயதாகிவிடலாம் என்று சொன்ன மாதிரி.

அவருக்குத் தலைவர் மேல் கோபம் உண்டா என்று வாசகர்கள் கேட்கக் கூடும். நானும் கேட்டேன். இல்லை என்று சட்டென்று சொல்லிவிட்டார். சற்று நேரம் கழித்து, "அவர் இன்னா பண்ணுவார்? நாங்க இவ்ளோ பேர் இருக்கோம்னு அவருக்கு எப்டித் தெரியும்? போஸ்டர்ல எங்க மூஞ்சி அவ்ளோ சின்னதா இருக்கும்" என்றார். ஹாஸ்யமாகச் சொன்னாரா, வேறு விதமாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக் கொண்டுவிட்டார்.

படம் முடிந்ததும், கட்-அவுட் வருகிற ஓர் இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். பையன் போட்டான். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை படத்தை அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக் கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார். தலைவரின் முகத்தைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். முகத்தை அவர் பார்க்கவே இல்லை. பின்னால் முட்டுக் கொடுத்திருந்த சவுக்குக் கட்டைகளை விரலால் தொட்டு எண்ணிக் கொண்டிருந்தார்.

"கட்டு சரியில்ல சார். கடக்கரைக் காத்துக்கு இது நிக்காது. எங்க மன்றத்துல கட்டுப் போடுறவன் ஒருத்தன் இருந்தான். இப்போ காசிமேட்டுல ஐஸ் உடைக்கிறான். அவன் போட்ட கட்டு ஒண்ணுகூட சாஞ்சதில்ல."

பையன் படத்தை அணைக்கப் போனான். "இருப்பா" என்றார்.